முனியய்யா கல்லுக்கு எறிந்த தேங்காய்

1. வெள்ளிக்கிழமை, முதல் டிரிப்

தேங்காய் என் கையை விட்டுப் போன அந்த நொடியிலேயே அது கல்லில் விழாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? கையை விட்டுப் போனதைத் திரும்பப் பிடிக்கிற வித்தையை எந்த டிப்போவிலும் சொல்லித் தருவதில்லை.

நான் தொண்டி – ராமநாதபுரம் ரூட்டில் கண்டக்டராக இருந்தவன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இப்போது புதிதாக வேலைக்கு வருகிற தம்பிகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பெருமைக்காக இல்லை. பெருமைப்பட இதில் ஒன்றும் கிடையாது.

எங்கள் ரூட்டில், தேவிபட்டினத்துக்கு முன்னால், சாலையின் இடது ஓரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் முனியய்யா கோயில் இருக்கிறது. கோயில் என்றால் சுவர், கூரை எதுவும் இல்லை. நாலு சூலம், தேங்காய் உடைக்க ஒரு கருங்கல், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை முதல் டிரிப் அடிக்கிற வண்டி அங்கே ஒரு தேங்காய் போடாமல் தாண்டாது. முறையாகப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்த்தான் உடைக்க வேண்டும். எங்களுடையது எக்ஸ்பிரஸ். அந்த இடத்தில் ஸ்டாப்பிங் கிடையாது. அதனால் என் டிரைவர் சேது அண்ணன் இரண்டாவது கியருக்கு வந்து, மாடு நடக்கிற வேகத்தில் வண்டியை உருட்டுவார். நான் முன்படியில் நின்று ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வீசுவேன். கல்லில் பட்டு டப்பென்று சிதறும். வழக்கமாக வருகிற பயணிகள், "கண்டக்டருக்குக் குறி தப்பவே தப்பாதுப்பா" என்பார்கள். பதினோரு வருடம் இப்படி ஓடியது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. அதை மறைக்கவில்லை.

அன்றைக்குச் சேது அண்ணன் லீவு. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று போய்விட்டார். ஸ்பேர் டிரைவராக வந்தவர் கண்ணன். எங்கள் டிப்போவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். தொண்டியில் கிளம்பும்போதே பத்து நிமிடம் லேட். அதை ஈடுகட்டுகிறேன் என்று மனுஷன் அழுத்திக்கொண்டு வந்தார்.

"கண்ணன், முனியய்யா வருது. கொஞ்சம் மெதுவாப் போங்க, தேங்கா போடணும்" என்றேன்.

"போட்டுக்கங்கண்ணே" என்றார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார், அதோடு சரி. அறுபதில் போன வண்டி ஐம்பதுக்கு வந்திருக்கும்.

பழக்கதோஷம் என்பது எவ்வளவு மோசமானது பாருங்கள். வேகம் குறையவில்லை என்று எனக்குத் தெரியும். காற்று முகத்தில் அடிக்கிறது, தெரியாமல் இருக்குமா? ஆனாலும் கல் எனக்கு நேராக வந்ததும் கை தானாக வீசிவிட்டது.

கல்லைத் தாண்டிப் பத்துப் பதினைந்து தப்படி தள்ளி நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். மிளகாய்க் கொல்லையில் பழம் எடுக்கப் போகிற கூலிப் பெண்கள், டவுன் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். தேங்காய் கல் பக்கமே போகவில்லை. பஸ்ஸோடு கூடவே வந்தது. என் கண்ணுக்கு நேராகவே, என்னை விட்டு விலகாமல், எனக்குத் துணைக்கு வருவதுபோலப் பறந்து வந்தது. அப்படியே வந்து, கடைசியாக நின்ற பெண்ணின் இடது தோளில் இறங்கியது.

கல்லில் தேங்காய் உடைகிற சத்தம் எனக்குப் பழக்கம். இது வேறு சத்தம்.

2. கல் அந்தா இருக்கு

கண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒரே மிதியாக பிரேக்கை மிதித்தார். நின்றுகொண்டு வந்தவர்கள் அத்தனை பேரும் முன்னால் வந்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். யாரோ கொண்டுவந்த கருவாட்டுக் கூடை என் காலடிவரை சறுக்கி வந்து கவிழ்ந்தது. நான் படியிலிருந்து இறங்கிப் பின்னால் ஓடினேன்.

அந்தப் பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, கத்தவில்லை. இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, நின்றுபோன பஸ்ஸையே பார்த்தாள். தேங்காய் உடையாமல் முழுசாக அவள் பக்கத்திலேயே கிடந்தது. நாலு விரல் மேலே பட்டிருந்தால் கழுத்து, இன்னும் கொஞ்சம் மேலே என்றால் தலை.

அவள் பெயர் முத்துராக்கு என்று அப்போதுதான் தெரிந்தது. அவளுடைய நாத்தனார் என் சட்டையைப் பிடித்தாள்.

"ஏய்யா, எங்க மதினி ஒனக்கு என்னய்யா பண்ணுனா? குறிவச்சு எறியிற!"

"நான் கல்லுலதாம்மா எறிஞ்சேன். முனியய்யா சத்தியமா..."

"கல்லு அந்தா அங்கன இருக்கு. எங்க மதினி இந்தா இங்கன கெடக்கா. ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

திரும்பிப் பார்த்தேன். கல் எங்கோ தூரத்தில் இருந்தது. என்னால் அதை நம்ப முடியவில்லை. கல் நேராக வந்தபோதுதான் எறிந்தேன். பிறகு எப்படி இவ்வளவு தூரம் தள்ளி வந்து விழும்? ஒரு கணம் முனியய்யாதான் என்மேல் ஏதோ கோபத்தில் தட்டிவிட்டுவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். பழியை அவர்மேல் போடப் பார்த்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

அதே பஸ்ஸில் அவளை ஏற்றி ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கழுத்துக்குக் கீழே இருக்கிற காறை எலும்பு இரண்டு துண்டாகியிருக்கிறது, தோள் மூட்டிலும் அடி என்று டாக்டர் சொன்னார்.

3. எனக்குத் தெரியாத விஷயம் இல்லை

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரம், தொண்டி பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்பதற்கு முன்பே ஸ்டைலாக இறங்கினேன். பின்பக்கம் பார்த்து இறங்கினேன். கால் தரையில் நின்றுவிட்டது, உடம்பு நிற்கவில்லை. மல்லாக்க விழுந்தேன். டிக்கெட் கட்டு நாலாபக்கமும் பறந்தது. சேது அண்ணன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே திட்டினார்.

"ஏலே, வண்டி என்ன வேகத்துல போகுதோ ஒன் ஒடம்பும் அதே வேகத்துலதான்டா போகுது! எறங்குனா மட்டும் நின்னுருமா? முன்னாடி பாத்து எறங்கி, கூட ரெண்டு எட்டு ஓடணும்டா!"

அன்றிலிருந்து அதைத்தான் நான் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஓடுகிற வண்டியில் இறங்காதே, இறங்கித் தொலைத்தால் முன்னால் பார்த்து இறங்கு. கம்பியைப் பிடி, பிரேக் போட்டால் வண்டி நிற்கும், நீ நிற்கமாட்டாய். காலேஜ் பையன்களைப் படியிலிருந்து உள்ளே ஏற்றும்போதெல்லாம் இதே பாட்டுத்தான். மனுஷ உடம்புக்கு இந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி. கையில் இருக்கிற தேங்காயும் அதே வண்டியில்தான் ஏறி வருகிறது என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. மாட்டு வேகத்தில் போனபோது அது ஒரு தப்படிதான் தள்ளிப் போயிருக்கும். அதைக் கை தானாகச் சரிக்கட்டிக்கொண்டது. நான் அதை என் குறி என்று நினைத்துக்கொண்டேன்.

4. வார்டில்

முத்துராக்குவின் புருஷன் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். கண்டக்டர் வேண்டுமென்றே பெண்கள்மேல் எறிந்தார் என்று மனு. அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். நானாக இருந்தால் மனுவோடு நிறுத்தியிருக்கமாட்டேன்.

அன்று சாயங்காலம் எஸ்.ஐ. என்னையும் கூட்டிக்கொண்டு வார்டுக்கு வந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அவள் "ஆமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வேலை, மானம் எல்லாம் போச்சு. தோளில் கட்டோடு கிடந்தவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்த நேரத்திலும் அவள் கையைப் பற்றி நினைக்காமல் என் வேலையைப் பற்றித்தான் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

"இந்தா பாரும்மா, பயப்படாமச் சொல்லு. இவரு ஒன்னையப் பாத்து எறிஞ்சாரா?" என்றார் எஸ்.ஐ.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"இல்ல சார். அவரு கல்லப் பாத்துத்தான் எறிஞ்சாரு. நான் அவரு மொகத்தப் பாத்தேன்."

"அப்ப ஒம்மேல எப்படி வந்து விழுந்துச்சு?"

"ஓடுற வண்டியில இருந்து எதப் போட்டாலும் வண்டியோடதான சார் வரும்? நாங்க வேல முடிஞ்சு டிராக்டர்ல வருவோம். எங்க வீட்டுக்கு நேரா வந்தப்பறம் சோத்துச்சட்டிப் பையத் தூக்கிப் போட்டா அடுத்த வீட்டு வாசல்லதான் போயி விழும். அதுனால முந்துன வீட்டுக்கிட்டயே போட்டுருவோம். டிராக்டர் வெரசா வந்தா ரெண்டு வீடு முன்னாடியே போடுவோம்."

எஸ்.ஐ. என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பெல்லாம் வரவில்லை. நேராக என்னிடமே கேட்டாள்.

"இது தெரியாமயாய்யா இம்புட்டு வருசமா பஸ்ஸுல போறீக?"

அடிபட்டவள் என்னைக் காப்பாற்றிவிட்டாள், அதே வாயால் சரியாகக் கேட்டும்விட்டாள். யாரும் என்னை அப்படி அறைந்ததில்லை.

கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். டிப்போவில் மெமோ கொடுத்து, எக்ஸ்பிரஸிலிருந்து எடுத்து டவுன் பஸ்ஸில் போட்டார்கள். கண்ணனுக்கும் மெமோ. "போட்டுக்கங்கன்னு நீங்கதான சொன்னீங்க" என்று அவரிடம் சண்டை பிடித்தேன். பிறகு நானே நிறுத்திக்கொண்டேன். எறிந்தது என் கை.

5. கம்பியைப் பிடிங்க

அடுத்த மிளகாய்ப் பருவம். காலை டவுன் பஸ், மூச்சுவிட இடமில்லாத கூட்டம். முனியய்யா கோயில் தாண்டி நாலைந்து பேர் ஏறினார்கள். நான் பின்னால் டிக்கெட் போட்டுக்கொண்டே வழக்கமான பாட்டைப் பாடினேன்.

"கம்பியப் பிடிங்க, கம்பியப் பிடிங்க! பிரேக்கு போட்டா எல்லாரும் டிரைவர் மடியிலதான் போயி விழுவீக!"

எல்லாக் கையும் மேலே போனது. முன்னால் ஒரு பெண் மட்டும் குழந்தையை வலது இடுப்பில் வைத்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல் சும்மா நின்றாள். எனக்கு எப்போதுமே கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவளுக்கு முன்னால் போய் நின்று கத்தினேன்.

"ஏம்மா, ஒனக்கு மட்டும் தனியா வந்து சொல்லணுமா? தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன்ல? கம்பியப் பிடி!"

அவள் நிமிர்ந்தாள். முத்துராக்கு.

"எந்தக் கையால பிடிக்க, கண்டக்டரய்யா?" என்றாள்.

குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. உண்மையாகவே கேட்டாள். இடது கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். தோள் உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. அந்தக் கையில் குழந்தையைத் தாங்கவும் பலமில்லை. அதனால்தான் பிள்ளை வலது இடுப்பில் இருந்தது.

எலும்பு ஒட்டியிருக்கும், வேலைக்குப் போயிருப்பாள், எல்லாம் சரியாகியிருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். ஒரு தடவை போய்ப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் குறுக்கே ஆடு ஓடி, டிரைவர் பிரேக் போட்டார். அவளும் பிள்ளையும் முன்னால் வந்தார்கள். நான் சட்டென்று முன்பக்கம் திரும்பி, இரண்டு பக்கச் சீட் கம்பியையும் பிடித்துக் குறுக்கே நின்றேன். இருவரும் என் முதுகில் மோதி நின்றார்கள். பிள்ளை என் காக்கிச் சட்டையைப் பிடித்துக்கொண்டு வீரிட்டு அழுதது.

முன்சீட்டில் இருந்தவரை எழுப்பி அவளை உட்கார வைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவளே கேட்டாள்.

"இப்பவும் வெள்ளிக்கெழம தேங்கா போடுறீகளா?"

"போடுறேம்மா. எறங்கிப் போயி."

"எறங்கிப் போனா எம்புட்டு நேரமாகுது?"

"ரெண்டு நிமிசம்" என்றேன்.

அவள் பிள்ளையின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

தம்பிகளே, பாடம் என்று நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சாமிக்கென்றாலும் சரி, பயணி மறந்துவிட்டுப்போன பையென்றாலும் சரி, ஓடுகிற வண்டியிலிருந்து எதையும் எறியாதீர்கள். வண்டி நிற்கட்டும். அந்த இரண்டு நிமிடத்துக்கு எந்த மேனேஜர் மெமோ கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கடுத்த வருடம் நான் ஓய்வு பெறும்வரை அவள் என் வண்டியில் வந்துகொண்டிருந்தாள். அவள் இறங்குகிற ஸ்டாப்பில் நான் கீழே இறங்கிப் படிக்குப் பக்கத்தில் நிற்பேன். "என்னண்ணே, விசில் எங்க?" என்று டிரைவர் கத்துவார். அவளுடைய இரண்டு காலும் தரையில் பட்டு, பிள்ளையை வலது இடுப்பில் சரியாக வைத்துக்கொண்டு, நாலு அடி நடந்த பிறகுதான் ஊதுவேன்.