கொடியில் தொங்கிய இன்ஜின் மூடி

மோப்பக்காரர் என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் அவரைத்தான் தேடி வருவார்கள். அவர் கூடப் போவார், பானெட்டைத் திறக்கச் சொல்வார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து மூக்கால் ஒரு இழுப்பு இழுப்பார். எண்ணெய் நாற்றம் அடித்தால் மேற்கொண்டு பார்ப்பார். பெயிண்ட் வாசனை அடித்தால் பானெட்டை மூடிவிட்டு, "கிளம்பலாம்" என்பார். விற்கிறவன் தலைகீழாக நின்றாலும் அந்த வார்த்தை மாறாது.

இந்த மூக்கு அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு கார் வாங்கினார். பானெட்டைத் திறந்தால் உள்ளே எல்லாம் கன்னங்கரேலென்று பளபளத்தது. அதில் மயங்கி, பேரம்கூடப் பேசாமல் வாங்கி, மனைவியை முன்சீட்டில் உட்காரவைத்து வெளியூர் கிளம்பினார். பாதி வழியில் குபுகுபுவென்று புகை. இன்ஜினில் இருந்த விரிசலில் பட்டி பூசித் தேய்த்து, மேலே கறுப்பு பெயிண்ட் அடித்து, அந்த வண்டியை இவர் தலையில் கட்டியிருந்தான் விற்றவன். மொட்டை வெயிலில் இருவரும் நடந்தார்கள். புது மனைவியின் செருப்பு வேறு அறுந்துபோனது. தாண்டிப் போன பஸ்ஸிலிருந்து யாரோ கைகாட்டிச் சிரித்தார்கள். அன்றைக்குப் பிடித்த சந்தேகம் பிறகு அவரை விடவே இல்லை, பிழைப்பாகவும் ஆகிவிட்டது.

பிழைப்பைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருகிற ஆளும் இல்லை அவர். பால் பாக்கெட்டைக் கையில் தூக்கி எடை பார்ப்பார். லிஃப்ட் பழுது என்று எழுதிப் போட்டிருந்தால், இதில் யாருக்கு லாபம் என்று யோசித்துக்கொண்டே மூன்று மாடி ஏறுவார். மனைவி இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. அவளும் கோபித்துக்கொண்டிருந்தால் வீடு வீடாகவா இருக்கும்?

அப்படிப்பட்டவர் வீட்டிலேயே ஒரு சாயங்காலம் பெயிண்ட் வாசனை அடித்தது.

"என்ன வாசனை இது?"

"பக்கத்து வீட்ல கேட்டுக்கு அடிக்கிறாங்க போல."

மறுநாள் அவர் போகிற போக்கில் பக்கத்து வீட்டு கேட்டைத் தடவிப் பார்த்தார். கையோடு துரு வந்தது. வாய் திறக்கவில்லை. கேட்டுவிட்டால் எதிராளி பதிலைத் தயார் செய்துகொள்வான் என்பது தொழிலில் கற்ற பாடம். அதற்குப் பதிலாகக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். மனைவியின் ஆள்காட்டி விரல் நுனியில் கறுப்பு. பால்கனியில் துணிக்கொடியில் துணியே இல்லாமல் கம்பிக் கொக்கிகள். ஒரு தடவை அவர் உள்ளே நுழைகிறபோது அவள் போனில், "சரி, நாளைக்கு மத்தியானம் வந்து எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வைத்தாள். இந்த உலகத்தில் அவர் திறந்து பார்க்காமலே நம்பிய ஒரே ஆள் அவள்தான். அதுவும் போய்விட்டால் அப்புறம் என்ன மிச்சம்?

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு நர்ஸ் அவரைக் கார் பார்க்கக் கூட்டிப்போனாள். விற்கிற கடைக்காரர், எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டே இருப்பதால் 'சிரிப்பு' என்று பெயரெடுத்தவர். பானெட்டைத் திறந்தார்கள். இன்ஜின் மேல்மூடி, பேட்டரித் தட்டு, சின்னச் சின்னப் பிடிப்புகள்வரை பளபளப்பில்லாத கறுப்பு. ஓர் இடத்தில் வழியவில்லை, ஓர் இடத்தில் திட்டில்லை. இவ்வளவு அழகாக அடித்தவன் சும்மா அடித்திருக்க மாட்டான் என்று அவருக்கு மூக்கில் வேர்த்தது.

"வேணாம்மா. கிளம்பலாம்."

நர்ஸ் ட்யூட்டிக்குப் போய்விட்டாள். சிரிப்பு முதன்முறையாகச் சிரிக்கவில்லை.

"எத்தனை வண்டிண்ணே இப்படி? உள்ள சுத்தமா இருக்கட்டும்னுதான் அடிக்கக் குடுக்கறேன். நீங்க அதையே குத்தமாக்கினா, இனிமே அவங்ககிட்ட குடுக்கறதையே நிறுத்திடுவேன்."

"யாரு அவங்க?"

"அது… பேர் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

பேர் சொல்லக்கூடாதாம். அவர் மறுபடி குனிந்து பேட்டரித் தட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். விரலில் ஒரு துண்டுக் காகித டேப் ஒட்டிக்கொண்டு வந்தது. பெயிண்ட் படக்கூடாத இடத்தில் ஒட்டி, உரிக்க மறந்தது. அதன் முனை முக்கோணமாக உள்பக்கம் மடிக்கப்பட்டிருந்தது. அதை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வீட்டில் பிஸ்கட் பாக்கெட்டிலிருந்து மாத்திரை டப்பாவரை எல்லா டேப்புக்கும் அதே மடிப்புத்தான். நகத்தால் முனையைத் தேடவேண்டாம் என்று அவள் வைத்திருக்கும் வழக்கம்.

சிரிப்பின் முகத்தை அவர் ஏற இறங்கப் பார்த்தார். நினைக்கக்கூடாததையெல்லாம் நினைத்தார். பிறகு நேரே வீட்டுக்கு வந்தார்.

மத்தியானத்தில் அவர் வீடு திரும்பியதே கிடையாது. படியில் ஏறும்போதே கடகடவென்று ஏதோ குலுங்கும் சத்தம். சாவி போட்டுத் திறந்து பால்கனிக்கு ஓடினார். சுற்றிலும் பழைய படுக்கை விரிப்பு கட்டியிருந்தது. கொடியில் ஓர் இன்ஜின் மூடி தொங்கியது. வாளி வெந்நீரில், பெயிண்ட் இளகட்டும் என்று, ஒரு ஸ்ப்ரே கேன் மிதந்தது. மூக்கையும் வாயையும் மூடிய முகமூடியோடு அவள் குலுக்கி முடித்த இன்னொரு கேனை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சீராக ஓட்டிக்கொண்டிருந்தாள். வேறு ஒரு ஈ, காக்கை இல்லை.

"என்ன நடக்குது இங்க?"

"இந்தக் கோட் முடியட்டும்ங்க. நடுவுல நிறுத்தினா திட்டுத் திட்டாயிடும்."

மனைவியைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்தவர், பெயிண்ட் முடியும்வரை வாசற்படியில் காத்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் டேப்பை நீட்டினார்.

"ஐயோ, தட்டுக்கு அடியில விட்டுட்டேனா?" அவளுக்கு அதுதான் கவலை.

"எதை மறைக்கற நீ?"

அவள் முகமூடியைக் கழற்றினாள். "பெயிண்டுக்கு அடியில நான் எதையும் மறைக்கலை. உங்ககிட்ட இருந்து பெயிண்டைத்தான் மறைச்சேன். சொல்லியிருந்தா பானெட்டை மூடற மாதிரி பேச்சை மூடியிருப்பீங்க."

மூலையைக் காட்டினாள். சாக்பீஸால் பெருக்கல் குறி போட்ட தட்டுகளும் மூடிகளும் குவிந்துகிடந்தன. "எல்லாம் விரிசல் விட்டது. கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சாலே தெரிஞ்சிடும். விரிசல் மேல அடிக்கமாட்டேன்னு அந்தக் கடைக்காரர்கிட்ட முதல் நாளே சொல்லிட்டேன். அன்னிக்கு அந்த வெயில்ல நீங்க மட்டுமா நடந்தீங்க? செருப்பு அறுந்தது எனக்கு."

அவர் குறி போட்ட ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். தொழில் புத்தி, பெயிண்ட் அடித்துக் காய்ந்த நாலைந்தையும் எடுத்து நகத்தால் சோதித்தார். ஒன்றிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. வழியில் நினைத்ததெல்லாம் ஞாபகம் வர, அவருக்குக் கூசியது.

"இப்பதான் அவர் போன் பண்ணாரு, இனிமே வேணாம்னு. எல்லாம் உங்க புண்ணியம்." அவள் கேனைக் கீழே வைத்தாள். "எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிச்சிருந்துச்சுங்க." இத்தனை வருஷத்தில் அவள் தனக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்று சொல்லி அவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

போனை எடுத்து நர்ஸைக் கூப்பிட்டார். சொன்ன சொல்லை அவர் வாழ்நாளில் திரும்ப வாங்கியதில்லை.

"அம்மா, காலையில சொன்னது தப்பு. பெயிண்டை மட்டும் பார்த்துட்டுச் சொல்லிட்டேன். மறுபடி பார்க்கலாம்."

"என்னண்ணே, காலையில வேணாம்னீங்க. அந்தக் கடைக்காரர் உங்களைக் கவனிச்சாரா?"

அவருக்கு முகத்தில் அடித்ததுபோல் ஆனது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் இடத்தில் இருந்தால் அவரும் அதைத்தான் கேட்டிருப்பார், இன்னும் கேவலமாக.

"இல்லம்மா. அந்த பெயிண்ட் அடிச்சது என் வீட்டுக்காரி."

"அப்ப நீங்க சொல்றதை நான் எப்படிண்ணே நம்பறது?"

பால்கனி வாசலில் மனைவி கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நம்பாதீங்க. வேற ஆளைக் கூட்டிட்டுப் போங்க. எந்த இடத்துல வேணும்னாலும் பெயிண்டைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்க."

"சுரண்டட்டும்," என்றாள் மனைவி பின்னாலிருந்து. "சுரண்டின இடத்துல நானே திருப்பி அடிச்சுத் தரேன்னு சொல்லுங்க."

அதையும் அவர் அப்படியே சொன்னார்.