வளையத்தில் உரசாத தோட்டா

மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் குழந்தையின் துணியும் காயாது, என் வீட்டுக்காரரின் தோட்டாவும் காயாது. துணிக்கு வழி இருந்தது. கரியடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் விரித்துவிடுவேன். தோட்டாவை அடுப்புப் பக்கமே கொண்டுபோக முடியாது.

பம்பாயில் சுனாபட்டியில் எங்களுக்கு ஒற்றை அறை. அவர் மாட்டுங்காவில் ஒரு வங்கிக்குக் காவலாளி. பட்டாளத்திலிருந்து வந்தவர், லைசென்ஸோடு சொந்தமாக இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்ததால்தான் அந்த வேலை கிடைத்தது. பட்டாளத்துத் தோட்டா முழுக்கப் பித்தளை, மழை அதை ஒன்றும் செய்யாது. இந்தத் துப்பாக்கியின் தோட்டாவுக்கு அடிப்பாகம் மட்டும்தான் பித்தளை, உடம்பு காகித அட்டை. பம்பாய் ஈரத்தில் அது மாசமான பெண்ணின் கால் மாதிரி வீங்கும். வீங்கியது குழலுக்குள் பாதி போய் நின்றுகொள்ளும்.

தாராவியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பாய் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தோட்டா நுழையும் அளவுக்குச் சரியாக ஒரு பித்தளை வளையம் கடைந்து கொடுத்திருந்தார். வாரம் ஒருமுறை தோட்டாக்களை அதில் விட்டுப் பார்ப்பது என் வேலை. புகுந்தால் நல்லது, சிக்கினால் தனி டப்பா. பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள் நான். அதனால்தான் அவர் அதை என்னிடம் விட்டார்.

போன வருஷம் ஆடியில் கைவசம் இருந்ததெல்லாம் சிக்கிவிட்டது. சிலவற்றில் அட்டை பிரிந்து, பித்தளை ஓரம் பச்சை பூத்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதிகாரி முன்னால் அவர் இரண்டு தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். சரியாகச் சுட்டால் வேலை நிரந்தரம். கடையில் கேட்டால் தோட்டா இல்லை என்றார்கள். வேலையை விட்டுப்போன பழைய காவலாளி ஒருவர் வங்கி அலமாரியில் விட்டுச் சென்ற தகர டப்பாவை அவர் கேட்டு வாங்கி வந்தார். உள்ளே ஆறு தோட்டா, எல்லாம் நிறம் வெளுத்தவை.

வெள்ளிக்கிழமை அவற்றை வளையத்தில் விட்டேன். நான்கு லேசாக உரசிக்கொண்டு புகுந்தன. இரண்டு உரசவே இல்லை, நழுவி என் மடியில் விழுந்தன. எவ்வளவு நன்றாகக் காய்ந்திருக்கின்றன என்று எனக்குச் சந்தோஷம். அவற்றை மட்டும் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தேன்.

"இது ரெண்டும் ஒசத்திங்க. ஞாயித்துக்கிழமைக்கு இதையே கொண்டு போங்க."

"நீ பாத்துட்டேன்னா பக்காதான்" என்றார்.

மறுநாள் காலை ஏழு மாதக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது அவள் கால் காப்பு தானாகக் கழன்று என் கையோடு வந்தது. அந்த வாரம் முழுக்க அவளுக்கு வயிற்றுப்போக்கு. முன்பெல்லாம் சோப்பு தடவாமல் கழற்ற முடியாத காப்பு அது. பிள்ளை இளைத்துவிட்டாளே என்று காப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மடியில் நழுவி விழுந்த அந்த இரண்டும் நினைவுக்கு வந்தன.

குழந்தையைத் துவட்டித் தூங்கவைத்துவிட்டு முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். மற்ற தோட்டாக்களின் பித்தளை அடியில் 12 என்று இருந்தது. இந்த இரண்டில் 20. முந்தின நாளும் அந்த எண்ணைப் பார்த்திருக்கிறேன். தீப்பெட்டியில் இருப்பதுபோல ஏதோ கம்பெனி எண் என்று விட்டுவிட்டேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்து என்ன பயன்? இப்போதும் அது வெறும் கம்பெனி எண்ணாகவே இருந்துவிட்டால்? நானே உசத்தி என்று கொடுத்ததை நானே எப்படி வேண்டாம் என்பது? அவர் சாப்பிட்டு முடித்ததும் அவற்றை அவர் முன்னால் வைத்தேன்.

"ஏங்க, இந்த ரெண்டும் வேண்டாம்."

"ஏட்டி, நேத்து ஒசத்தின்னே. இன்னைக்கு அதுக்கும் வயித்தால போவுதா?"

"சிரிக்காதீங்க. அடியில இருவதுன்னு போட்டிருக்கு. மத்ததுல எல்லாம் பன்னெண்டு."

"வெலையா இருக்கும்."

"பித்தளையில யாருங்க வெலைய வெட்டுவா?"

என் வாயை அடைக்கவே துப்பாக்கியை எடுத்து மடக்கித் திறந்தார். ஒன்றைக் குழலில் விட்டார். சாதாரணமாகத் தோட்டாவின் விளிம்பு குழல் வாயில் தங்கி நிற்கும். இது நிற்கவில்லை. உள்ளே போய் எங்கோ டக்கென்று தட்டியது. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். நான்கு விரற்கடை ஆழத்தில் அடைத்துக்கொண்டு கிடந்தது. வேறொரு தோட்டாவை எடுத்துக் குழலின் வெளிப்பக்கமாக வைத்து அளந்தார். அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

"இருவதுன்னா பன்னெண்ட விட ஒல்லி போலிருக்கு. பட்டாளத்துல ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா. இந்த எழவெல்லாம் அங்க கெடையாது" என்றார். "நாளைக்கு அவசரத்துல குழல் காலின்னு நெனச்சு பின்னாலயே இன்னொன்னப் போட்டிருப்பேன். அது சரியா உக்காரும். சுட்டா முன்னால கெடக்குறது மறிக்கும். குழல் இங்கனதான் வெடிக்கும்."

'இங்கன' என்று அவர் காட்டிய இடத்தில் அவருடைய இடது கை இருந்தது.

என்னையும் குழந்தையையும் வராந்தாவுக்குப் போகச் சொல்லிவிட்டு, முன்பக்கமிருந்து மூங்கில் குச்சியால் மெல்லத் தள்ளி அதை வெளியே எடுத்தார். அவர் கூப்பிடும்வரை நான் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை உரசிப் புகுந்த நான்கோடு போனார். மத்தியானம் வெடிமருந்து வாசனையோடு வந்தார். இரண்டும் குறியில் பட்டிருந்தன.

அன்று சாயங்காலமே பட்டறைக்குப் போனோம்.

"என்ன தங்கச்சி, வளையம் சரியில்லையா?" என்றார் பாய்.

"வளையம் சரிதான் அண்ணே. ஆனா குண்டா இருக்கிறத மட்டும் பிடிக்குது, ஒல்லிய விட்டுருது. இன்னொன்னு வேணும், கொஞ்சம் சின்னதா. அதுல நல்ல தோட்டா போகவே கூடாது."

பாய் லேத்தை நிறுத்திவிட்டார். "தம்பி, எதுவும் போகாத வளையத்துக்கு ஆர்டர் குடுக்க உங்க வீட்லதான் ஆளு இருக்கு!" என்று சிரித்தார். பிறகு பழைய வளையத்தை வாங்கி விரலில் மாட்டிப் பார்த்தார். "ஆனா தங்கச்சி சொல்றது ஏக்தம் கரெக்ட்" என்று துண்டுப் பித்தளையைத் தேடப் போனார்.

இப்போது இரண்டு வளையமும் ஒரே கயிற்றில் ஆணியில் தொங்குகின்றன. பெரியதில் புக வேண்டும், சின்னதில் புகக்கூடாது. அவரோடு வேலை செய்கிறவர்களும் ஞாயிறன்று தங்கள் தோட்டாவைக் கொண்டுவருகிறார்கள். நான் ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்க்கிறேன். அவர்கள் முகம் சுளிப்பதில்லை.

நேற்று மகளின் காப்பைக் கழற்றப் பார்த்தேன், அசையவில்லை. அவர் இடது கையால் அவள் காலைப் பிடித்துக்கொள்ள, நான் சோப்பு தடவினேன்.