தம்பி சொன்ன உப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மல்லாவி ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தேன். என் விடுதிக்குப் பின்வளவில், மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய ஒருவர் இருந்தார். நெடிய, ஒல்லியான மனிதர். வயல் வேலையால் கைகள் காய்த்துப்போயிருந்தன. ஞாயிறுதோறும் அந்தக் கைகளால் மாவைக் கள்ளு விட்டுப் பிசைந்து, தகரப் பெட்டிக்குள் வைத்து, மேலும் கீழும் தணல் போட்டுப் பணிஸ் என்கிற பன் சுடுவார். எனக்கும் சூடாக இரண்டு வரும்.

பஞ்சுபோல இருக்கும், ஆனால் உப்புக் கரிக்கும். ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"ஐயா, உப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோவன்."

"தெரியுங்க மிஸ்ஸி," என்று சிரித்தார். "இது தம்பி சொல்லிக்குடுத்த அளவு. தொர பங்களாவுல சமையல்காரனா இருந்தான். அரசாங்கம் ஒப்பந்தம் போட்டு அவன இந்தியாவுக்கு அனுப்பிடுச்சு. கப்பலேறப் போற அன்னைக்கு, ரயில்ல இருந்துக்கிட்டு அவசரமாச் சொன்னான். தப்பாச் சொல்லிட்டான் போல."

"அப்ப நீங்கள் திருத்தலாம்தானே?"

"அவன் வந்து சாப்பிட்டுப் பாத்து, அவனே திருத்தட்டும்ங்க."

அவர் தணலைக் கிளறத் திரும்பிவிட்டார். கையிலிருந்த பணிஸை முழுவதும் சாப்பிட்டு முடித்தேன்.

அடுத்த மாதம் எனக்கு வேறு ஊருக்கு மாற்றம் வந்தது. அப்படிக் கப்பலேறிப் போன எவரும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. அது அவருக்கும் தெரிந்துதான் இருக்கும்.