நூல் கடிக்கும் பல்

வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஊற்றட்டுமே, நாம் என்ன கரைந்தா போய்விடுவோம் என்று தையல்காரம்மா குடையை விரித்தாள். இடது கன்னம் வீங்கி மூன்று நாளாயிற்று. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, பல் டாக்டரிடம் இழுத்துப்போக மகள் வந்திருந்தாள். இழுத்துப்போவதாவது! வழியில் மூன்று வேலை இருக்கிறது, அதை முடித்தால்தான் டாக்டர் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள்.

முதல் வேலை, நர்சுக்குத் தைத்த சீருடைகளைக் கொடுப்பது. பிளாஸ்டிக் பையில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். அவள் தொப்பலாக நனைந்திருந்தாள். சீருடையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அடுத்தது தையல் மிஷின் ரிப்பேர் கடையில் நூல் சுற்றும் பாபின் வாங்குவது. கடைக்காரர் அவள் கன்னத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னக்கா, வாயில பந்து வெச்சிருக்கீங்களா?"

"ஆமா, உங்க தலைக்குத்தான். குனிங்க."

கடைசியாகக் கறுப்பு நூல்கண்டு வாங்கிப் பையில் போடும்போதுதான், மகள் மெல்ல விஷயத்தை அவிழ்த்தாள். வலிக்கிற கடைவாய்ப்பல்லோடு மேல் முன்பல்லையும் எடுத்துவிட்டு, பளிச்சென்று புதுசாக ஒன்று வைக்க வேண்டுமாம். டாக்டரிடம் போனிலேயே பேசிவிட்டாளாம்.

அம்மாவுக்குப் பகீரென்றது. முப்பது வருடமாக நூலை அந்தப் பல்லால்தான் கடிக்கிறாள். கடித்துக் கடித்து அதன் நுனியில் ஒரு சின்னப் பள்ளம். நூல் தானாகப் போய் அதில் உட்கார்ந்துகொள்ளும். கை துணியைவிட்டு நகரவே வேண்டாம். மகளுக்கோ அது அசிங்கம்.

"அது என் பல்லுடி. உன்னை யாரு கேட்டா?"

"ஊர் உலகத்துல கத்தரியே இல்லையாம்மா?"

"இருக்கே. அதை வெச்சு நீ தை."

டாக்டர் சின்ன வயதுக்காரர். வெள்ளைக் கோட்டின் இரண்டாவது பட்டன் ஒற்றை நூலில் ஊசலாடியது. நாற்காலியில் சாய்ந்ததுமே அம்மாவின் கண் அங்கேதான் போனது. மரத்துப்போக ஊசி போட்டார், கீழ்க் கடைவாய்ப்பல்லை எடுத்தார், அந்த இடத்தில் பஞ்சை வைத்தார்.

"இறுக்கிக் கடிச்சுக்கங்கம்மா. அரை மணி நேரம் பேசவே கூடாது."

அவ்வளவுதான். மகளும் டாக்டரும் அவள் தலைக்கு மேலே பேச ஆரம்பித்தார்கள்.

"முன்பல் தேஞ்சுபோச்சு. இனிமே அதுக்கு வலு இல்ல. வியாழக்கிழமை எடுத்துடலாம்."

"எழுதிக்கங்க டாக்டர். அம்மா ஒத்துக்குவாங்க."

வாயைத் திறக்க முடியாத நேரம் பார்த்துத் தேதி குறிக்கிறார்களே! அம்மா தலையை ஆட்டிப் பார்த்தாள். ஒருவரும் திரும்பவில்லை. டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்தாள். ரவிக்கைக் கழுத்தின் உள்பக்கம் எப்போதும் குத்தியிருக்கும் ஊசியை உருவி, பையிலிருந்த புது நூலைக் கோத்தாள். கோட்டு வெள்ளை, நூல் கறுப்பு. இருக்கட்டும், நன்றாகத் தெரியட்டும். டாக்டரின் கோட்டை எட்டிப் பிடித்தாள்.

"அம்மா, என்ன பண்றீங்க?" என்றார் டாக்டர்.

நாலு குத்து, ஒரு சுற்று, ஒரு முடிச்சு. பஞ்சை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, அவர் மார்பருகே குனிந்தாள். நூல் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. டக்கென்று அறுந்தது.

"வலு இல்லாத பல்லு," என்றாள். உதடு மரத்திருந்ததால் குழறியது, ஆனாலும் விடவில்லை. "இன்னொரு பட்டன் அறுந்தா சொல்லுங்க, வியாழக்கிழமை வர்றேன். பல்லுக்குன்னா வரமாட்டேன்."

டாக்டர் பட்டனை இழுத்துப் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை. சீட்டை எடுத்து, எழுதியதன் மேல் ஒரு கோடு கிழித்தார்.

தையல்காரம்மா புதுப் பஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கி, கடைவாயில் வைத்து இறுக்கிக் கடித்தாள். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று. மழையில் வீடு போய்ச் சேரும்வரை, டாக்டர் சொன்னபடி, வாயே திறக்கவில்லை.