தவளைக் குரல் டூக்கான்

மழைக்காட்டில் டூக்கான் பறவையை எப்படி இனம் காண்பது என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இத்தாலியின் பலெர்மோ நகரில் அதற்குத் தேவை குறைவு. கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது: முதலில் அலகைப் பாருங்கள், அலகு கைவிட்டால், அது வாய் திறக்கும்வரை பொறுத்திருங்கள். இந்த ஞானம் எனக்கு ஒன்பது வயதில், அந்த நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில், பள்ளிக்கூட மண்டபம் நிறைந்த சனத்தின் முன்னால் மானம் போய்க் கிடைத்தது.

எங்கள் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் நானும் அக்காவும்தான். அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். என்னைவிட மூன்று கிழமை மூத்தவள். முதல் நாளே எங்கள் ஆசிரியை, அங்கே மயேஸ்திரா என்போம், நீங்கள் சகோதரிகளா என்று கேட்டார். ஆமென்றேன். பெரியம்மாவின் பிள்ளையை வேறு என்னவென்று சொல்வது? அவர் எங்கள் பிறந்த தேதிகளைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். அதன்பின் எங்கள் குடும்பத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என்னை அக்காவின் பெயராலும் அக்காவை என் பெயராலும் கூப்பிடுவது நிற்கவேயில்லை. அக்காவுக்கு நீள முகம், எனக்கு வட்ட முகம். இருவருக்கும் இரட்டைப் பின்னல். அவருக்கு அது போதுமாயிருந்தது.

வருட முடிவில் பெற்றோருக்காக வகுப்பில் ஒரு மழைக்காடு போட்டோம். பச்சைக் கடதாசி மரங்களுக்கு நடுவில், முகம் மறைய அட்டை அலகு கட்டிய நான்கு டூக்கான்கள் நிற்கும். மற்றப் பிள்ளைகள் கடதாசிக் குழாய்களைத் தொலைநோக்கியாகப் பிடித்துக்கொண்டு எது எந்த இனம் என்று சொல்லவேண்டும். எல்லாவற்றிலும் பெரிய தோக்கோ டூக்கான், சந்தையில் மரக்கறி விற்பவரின் மகனுக்குப் போனது. செம்மஞ்சள் அலகு, நுனியில் கறுப்புப் பொட்டு, தூரத்திலேயே தெரிந்துவிடும். அடுத்தது பச்சை, நீலம், செம்மஞ்சள், சிவப்பு என்று அலகில் ஒரு வானவில்லையே வைத்திருப்பது. அதற்கு மஞ்சள் நெஞ்சு வேறு. அதை வகுப்பின் அழகி எடுத்துக்கொண்டாள். மிச்சம் இரண்டு. இரண்டுக்கும் கறுப்பு உடம்பு, வெள்ளைத் தொண்டை, மஞ்சள் விளிம்பு வைத்த கறுப்பு அலகு. அமேசன் காட்டில் இவை ஒரே மரத்தில் இருந்தால் பறவை பார்க்கிறவர்களே தடுமாறுவார்களாம். குரல்தான் வித்தியாசம். ஒன்று நாய்க்குட்டி மாதிரிக் கீச்சிட்டு ஊளையிடும், மற்றது தவளை மாதிரிக் கத்தும். இந்த இரண்டும் யார் தலையில் விழுந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நாய்க்குட்டி அக்காவுக்கு, தவளை எனக்கு. என் தொண்டைக்கு அதுதான் பொருத்தம் என்றார் மயேஸ்திரா. வீட்டில் ஒரு கிழமை பழகினேன். வேலை முடிந்து வந்து படுத்திருந்த அப்பா, "மழை வரப்போகுதோ?" என்று கேட்டுவிட்டுத் தலையணையைக் காதின்மேல் வைத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு வியா மக்வேதா தெருவில் வயதான ஒரு சின்யோராவை, ஓர் இத்தாலிய அம்மையாரை, வீட்டோடு பார்த்துக்கொள்ளும் வேலை. பள்ளிக்கூடத்து விழா எதற்கும் அவரால் வரமுடிந்ததில்லை. இந்த முறை சின்யோரா ஒரு மணித்தியாலம் விட்டிருந்தார்.

"கட்டாயம் வருவன். தவளை நீதானே? போனிலை எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவம்" என்றார் அம்மா.

 ஊர் முழுக்கப் பார்க்கப்போகும் படத்தில் நான் தவளையா? விழா அன்று, திரைக்குப் பின்னால் அக்காவைப் பிடித்தேன். மாறி நிற்போம் என்றேன்.

"எடி விசரி, மயேஸ்திரா கண்டுபிடிச்சா?"

"அவ எப்ப எங்களைக் கண்டுபிடிச்சவ?"

 என் அரஞ்சீனாவில், அந்தப் பொரித்த சோற்று உருண்டையில், பெரிய பாதி அவளுக்கு என்று பேசி முடித்தோம். இவ்வளவு தந்திரம் செய்த எனக்கு, அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை.

தோக்கோவையும் வானவில்லையும் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு அக்கா தவளையாகக் கத்தினாள். என்னைவிட நன்றாகக் கத்தினாள்; அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. அலகின் ஓட்டையால் எட்டிப் பார்த்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரம், ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்காமல் அம்மா நின்றிருந்தார். போனை உயர்த்திப் பிடித்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. போன் அக்காவை நோக்கி இருந்தது.

நாய்க்குட்டியாக ஊளையிட்டேன். போன் அசையவில்லை. இன்னும் பலமாக ஊளையிட்டேன். அம்மா அக்காவுக்குக் கையசைத்தார். அம்மாவுக்குக் கிடைத்த மணித்தியாலம் போய்க்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் நானும் தவளையானேன்.

அக்கா விடுவாளா? அவள் என்னைவிடப் பலமாகக் கத்த, நான் அவளைவிடப் பலமாகக் கத்த, காடே குளமாகிவிட்டது. குழாய்க்காரப் பிள்ளை ஒருத்தி, "மயேஸ்திரா, ரெண்டும் ஒரே பறவை!" என்று இத்தாலியனில் அழாத குறையாக முறையிட்டாள். தோக்கோ சிரித்த சிரிப்பில் அதன் அலகு கழன்று விழுந்தது.

"உனக்கென்ன விசரே? தவளை இப்ப நானெல்லோ!" என்றாள் அக்கா, அலகுக்குள்ளிருந்து.

"திருப்பித் தா!"

"அரஞ்சீனாவைத் திண்டாச்சு. தரமாட்டன்!"

அலகைப் பிய்த்து எறிந்தேன். "அம்மா, நான் இஞ்சை! இஞ்சை பாருங்கோ! அது அக்கா!"

 மரக்கறிக்காரர் தொடக்கிவைக்க எல்லோரும் சிரித்தார்கள். மயேஸ்திரா என் பெயரைச் சொல்லி அதட்டினார். அந்த வருடத்திலேயே முதல் தடவையாக, சரியான பெயர்.

படம் ஊருக்குப் போனது. நன்றாகக் கத்திய பிள்ளை யார் என்று ஊரிலிருந்து சித்தி கேட்டார். அக்கா அதைப் பல நாள் சொல்லிக் காட்டினாள். அம்மாவோ அந்தப் படத்தில் ஒரே ஒரு இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார். போன் திடீரென்று திரும்பி, வட்ட முகம் ஒன்று நான் இஞ்சை என்று அலறும் இடம். பார்த்துச் சிரிப்பார், கண்ணைத் துடைப்பார், மறுபடி போடுவார். என் நடிப்பு அவ்வளவு நன்றாயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கோடை விடுமுறையில் ஒருநாள், என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், அம்மா வேலைக்குக் கூட்டிப்போனார். முன்பு பெரியம்மா வேலை செய்த வீடு அது. பெரியம்மா விட்டபின் அம்மா போனார். நாங்கள் சமையலறையில் இருந்தபோது உள்ளேயிருந்து சின்யோரா கூப்பிட்டார். பெரியம்மாவின் பெயர் சொல்லி. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "வாறன், சின்யோரா" என்று இத்தாலியனில் குரல் கொடுத்தார்.

"அம்மா, அது பெரியம்மாட பேரெல்லோ!"

"உஷ்! நான் வந்த நாளிலையிருந்து அப்பிடித்தான். நீ பிஸ்கட்டைத் தின்."

பாதாம் போட்ட பிஸ்கட். அதைவிட வேறு விளக்கம் எனக்கு அப்போது தேவைப்படவில்லை.