ரத்னாக்காவுக்கு வழி தெரியும்

ரத்னாவுக்கு முப்பத்தெட்டு வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், லாரிகளுக்கு பிரேக் பாகங்கள் வார்க்கும் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் கான்ட்ராக்ட் வேலை. ஏழு வருடம் ஆகிறது. பெட்டிக்கு டேப் ஒட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். வேலையை நிரந்தரமாக்குவதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கணவன் ரங்கசாமி லாரி ஓட்டுகிறான். மாதத்தில் பத்து நாள் வீட்டிலிருந்தால் அதிகம். மகள் பதினோராவது படிக்கிறாள்.

அப்படிப்பட்டவள் ஆபீஸ் ஸ்டாஃப் மட்டும் போகிற ஞாயிற்றுக்கிழமை நடைக்குழுவில் எப்படிச் சேர்ந்தாள் என்றால், ஒரே ஒரு வார்த்தையால்தான்.

பொங்கல் லீவு முடிந்த வாரம். கேன்டீன் வரிசையில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். சேஃப்டி ஆபீசர் அன்புசெல்வன் பக்கத்தில் வந்தார்.

"ஏம்மா, உங்க சொந்த ஊரு பூண்டிப் பக்கம்னு ஃபைல்ல இருக்கே. குடியம் குகைக்கு வழி தெரியுமா?"

"தெரியும் சார்."

அந்தக் கம்பெனியில் அதிகாரி ஒருவர் 'தெரியுமா' என்று கேட்டால் யாரும் 'தெரியாது' என்று சொல்வதில்லை. தெரியாது என்றால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். ஏழு வருடப் பழக்கம் அவள் நாக்கில் இருந்தது. அது அவளுக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டது.

உண்மை என்னவென்றால், ஐந்து வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை அந்தக் குகைக்குப் போயிருக்கிறாள். போகும்போதும் தூங்கினாள், வரும்போதும் தூங்கினாள். அதற்குப் பிறகு குகைக்குள் இருக்கும் அம்மனுக்குப் பொங்கல் வைக்க ஆம்பிளைகள் போவார்கள். வயசுப் பெண்களைக் காட்டுக்குள் யார் அனுப்புவார்கள்? இருபது வயதில் கடம்பத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

முதல் இரண்டு ஞாயிறும் பிரச்சினை இல்லை. ஒரு வாரம் பழவேற்காடு, ஒரு வாரம் பூண்டி ஏரிக்கரை. கண்ணுக்கு நேரே தண்ணீர் இருக்கும்போது வழிகாட்டி எதற்கு? ஆனால் அந்த இரண்டு வாரத்தில் ரத்னாவுக்கு என்னென்னவோ ஆகிவிட்டது. கான்ட்ராக்ட் ஆட்கள் நின்றுகொண்டு போகிற டெம்போவில் இல்லாமல், ஸ்டாஃப் வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தரப் பிரிவில் இருக்கும் பிரின்சி, வயது இருபத்தைந்து, தன் முட்டையில் பாதியை அவளுக்குக் கொடுத்தாள். 'ஏ பேக்கிங்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்டோர்ஸ் குப்புராஜ்கூட 'ரத்னாம்மா' என்றார். கரையோரம் வெறுங்கையோடு நடந்தாள். யாருக்காகவும் எதையும் தூக்காமல் அவ்வளவு தூரம் நடந்தது அவளுக்கு நினைவிலேயே இல்லை.

மூன்றாவது ஞாயிறு குகை. வழி தெரியாதென்று தெரிந்தால் அந்த ஜன்னலோரம் போய்விடும். அவளை ஏற்றிக்கொண்டதே வழிக்காகத்தானே.

மாசி முதல் வாரம். ஊத்துக்கோட்டைச் சாலையில் பனி இன்னும் விலகவில்லை. குடியத்தில் வேன் நின்றபோது மணி ஏழு. அவளைத் தவிர எட்டு பேர் இறங்கினார்கள். எட்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"சரி, லீட் பண்ணுங்கக்கா" என்றார் அன்புசெல்வன்.

ஊர் எல்லை தாண்டியதும் பாதை மூன்றாகப் பிரிந்தது. மூன்றும் ஒரே மாதிரி செம்மண், ஒரே மாதிரி உருண்டைக் கற்கள், இரண்டு பக்கமும் காய்ந்த முள்செடி. ரத்னா செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள். குனிந்தவள் எழவில்லை.

"அதோ மார்க்கிங் பண்ணியிருக்காங்க!" என்றாள் பிரின்சி.

நடுப்பாதையில் ஒரு கிளையில் மஞ்சள் ரிப்பன். நாற்பது அடி தள்ளி இன்னொன்று. ரத்னாவுக்குப் போன உயிர் வந்தது. கோயில்காரர்கள்தான் கட்டியிருப்பார்கள், வேறு யார்?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் கம்பெனித் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டுக்குள்தான் நடக்க வேண்டும். தாண்டினால் ஃபோர்க்லிஃப்ட் இடிக்கும், இடிக்காவிட்டால் மெமோ வரும். வேலைக்குச் சேருகிற முதல் நாள் முதல் பாடமே அதுதான். பாடம் எடுப்பவர் அன்புசெல்வன். ஆகவே மஞ்சளைக் கண்டதும் எட்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள். வேறு எங்கிருந்தாவது வந்தவர்களாக இருந்திருந்தால், யார் கட்டியது, எதற்குக் கட்டியது என்றாவது கேட்டிருப்பார்கள்.

ரத்னா முன்னால் நடந்தாள். ஒரு ரிப்பன் கண்ணில் பட்டதும், அதைப் பார்க்காதவள்போல் "இப்டிக்கா வாங்க சார்" என்பாள்.

"பாத்தியா, இன்னா மாதிரி போவுது!" என்று குப்புராஜ் வியந்தார். "பொறந்த மண்ணுன்னா சும்மாவா?"

ஒரு பெரிய பாறையில் உட்கார்ந்து நாஷ்டா முடித்தார்கள். இட்லி, அவித்த முட்டை. மறுபடி நடை. வெயில் ஏறியது, பனி கரைந்தது, ஆவாரம்பூ மஞ்சளும் ரிப்பன் மஞ்சளும் கலந்து ரத்னாவுக்குக் கண்ணைக் கட்டியது. குகை வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஒரு பாறை வந்தது.

குப்புராஜ் அதில் உட்காரப் போனவர் நின்றுவிட்டார்.

"யாருய்யா இங்க முட்ட ஓடு போட்டது?"

எறும்புகள் ஓட்டை இழுத்துக்கொண்டிருந்தன. பிரின்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நான்தான் சார்."

"குப்பை போடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல?" என்று அன்புசெல்வன் ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே உறைத்தது. "எப்போ போட்ட?"

"நாஷ்டா துன்னப்போ."

எல்லோரும் பாறையைப் பார்த்தார்கள். பிரின்சி போய் ஒரு ரிப்பனை அவிழ்த்துத் திருப்பிப் பார்த்தாள். ஏதோ ஒரு ஓட்டப் பந்தயத்தின் பெயர் அச்சடித்திருந்தது. போன வாரத் தேதி.

"சார், இது ரேஸுக்குக் கட்டுனது. ரவுண்டு ரவுண்டா ஓடுவாங்களே, அது."

"பேஜாராப் போச்சே!" குப்புராஜ் தலையில் கை வைத்தார். "செக்குல கட்டுனா மாரி சுத்தினுகீறோம் நாம!"

இப்போது சொல்லாவிட்டால் இவர்களை இன்னும் எங்கே கொண்டுபோய் விடுவாளோ என்று ரத்னாவுக்குப் பயம். எப்படியும் ஜன்னலோரம் போகத்தான் போகிறது; காட்டில் யாராவது மயங்கி விழுவதற்கு முன்னால் போகட்டும்.

"சார், தப்பு என்னோடது. எனக்கு வழி தெரியாது சார். சத்தியமா இந்தக் காட்டுக்குள்ள நான் நடந்ததே இல்ல. தெரியும்னு சும்மா சொல்ட்டேன்."

அன்புசெல்வன் முகம் இளகியது.

"அக்கா, இதெல்லாம் கம்பெனியில வெச்சுக்கோங்க. இங்க வேணாம்."

"இன்னா சார்?"

"ரிப்பனைப் பார்த்து நடக்கலாம்னு நானும்தானே வந்தேன்? என் தப்ப நீங்க ஏன் தலையில போட்டுக்கிறீங்க?"

ரத்னாவுக்குப் புரியவில்லை. பிரின்சி அவள் தோளைப் பிடித்தாள். "போன மாசம் நான் லேபிள மாத்தி ஒட்டிட்டேன். இவங்கதான் சார், 'என் கை தவறிடுச்சு'ன்னு சொல்லி மெமோ வாங்கினாங்க. இன்னா மனசுக்கா உனக்கு."

அது நிஜம். கான்ட்ராக்ட் ஆள் தப்பை ஏற்றுக்கொண்டால் மெமோவோடு போகும். பிரின்சி ஏற்றுக்கொண்டால் சம்பள உயர்வு நின்றுபோகும். அதனால் பேக்கிங்கில் எது நடந்தாலும் 'என் தப்பு சார்' என்று சொல்ல ஒரு ஆள் இருக்கும். பெரும்பாலும் ரத்னா. ஏழு வருடமாக மற்றவர்கள் தப்பைத் தன் தப்பென்று சொன்னபோதெல்லாம் உடனே நம்பினார்கள். இன்று சொந்தத் தப்பைச் சொல்கிறாள், ஒருவரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

"இல்ல பிரின்சி, நெஜமாவே தெரியாது."

"போதும்மா, உட்டுரு" என்றார் குப்புராஜ். "உங்கூர்க்காரன் கட்டாத ரிப்பனுக்கு நீ இன்னா பண்ணுவ? இப்ப நீ சொல்லு, எப்டிக்கா போலாம்?"

எட்டு பேரும் மறுபடி அவளைப் பார்த்தார்கள். முன்பைவிட அதிக நம்பிக்கையோடு.

தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் கேட்டதுபோல் இருந்தது. அவள் அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். முக்கால் மணி நேரத்தில் தார் ரோடு வந்துவிட்டது. குகை இல்லை, ரோடுதான். இருந்தாலும் எல்லோரும் கைதட்டினார்கள். ஃபோன் போட்டு அங்கே வரவழைத்த வேனில் ஜன்னலோர இருக்கையைத் துடைத்து அவளுக்கு விட்டார்கள். அவள் உட்கார்ந்தாள். சந்தோஷப்பட வேண்டுமா, இறங்கி ஓட வேண்டுமா என்று பெரியபாளையம் வரை பிடிபடவில்லை.

புதன்கிழமை வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. 'இந்த ஞாயிறு மறுபடியும் குடியம் குகை. ரிப்பன் கிடையாது. ரத்னாக்கா சொல்படி.' கீழே எட்டுக் கட்டைவிரல்கள். அதில் ஒன்றை அவளே அறியாமல் அவள் போட்டிருந்தாள்.

அந்த வாரம் அவளுக்கு நைட் ஷிஃப்ட். வியாழக்கிழமை காலையில் வீட்டுக்குப் போகாமல் பஸ் மாறி மாறித் தன் பிறந்த ஊருக்குப் போய் இறங்கினாள். தம்பி வயலுக்குத் தண்ணீர் விடப் போயிருந்தான். தம்பி மனைவி திலகவதி வாசலில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அண்ணி, சொல்லாம கொள்ளாம? ஊட்ல எல்லாரும் நல்லாகீறாங்களா?"

"அதெல்லாம் நல்லாத்தான் கீறாங்க. குகைக்கு எப்டி போவணும் திலகா?"

திலகவதி உளுந்தை விட்டு நிமிர்ந்தாள். "என்னக் கேக்குற? நான் திருநின்றவூர்லேர்ந்து வாக்கப்பட்டு வந்தவ. நீதான இந்த ஊருப் பொண்ணு!"

"நீ இங்க வந்து பதினாலு வருசமாச்சேடி."

"பதினாலு வருசத்துல யாரு என்னக் கூட்டினு போனாங்க? உந்தம்பியா? ஆடி மாசம் பொங்கப் பானைய வெளக்கிக் குடுக்கறதோட சரி."

ரத்னா வாசற்படியில் உட்கார்ந்தாள். தூக்கமில்லாத கண் எரிந்தது. ஞாயிற்றுக்கு இன்னும் இரண்டு நாள் இடையில் இருந்தது. தம்பியைக் கேட்டால் சிரிப்பான்; சிரித்துவிட்டு, பொம்பளைக்கு அங்கே என்ன வேலை என்பான்.

திலகவதி முறத்தைக் கவிழ்த்து உளுந்தை மூடினாள். கதவைச் சாத்தினாள். மாட்டுக்கொட்டகையிலிருந்து ஒரு குச்சியை எடுத்துக்கொண்டாள்.

"எழுந்துரு அண்ணி. அவரு வர்றதுக்கு மூணு மணி ஆவும்."

"உனக்குத்தான் தெரியாதே?"

"உனக்கு மட்டும் தெரியுமா? வா, போய்த்தான் பாக்கலாம்."

இருவரும் நடந்தார்கள். ஊர் எல்லை தாண்டியதும் பாதை பிரிகிற இடத்தில், அண்ணி முன்னால் போவாள் என்று திலகவதியும், திலகா முன்னால் போவாள் என்று ரத்னாவும் கொஞ்ச நேரம் நின்றார்கள்.