இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

ஏற்காட்டில் சேர்வராயன் சாமி இருக்கிற குகைக்குள் போகிற யாராக இருந்தாலும் குனிந்துதான் போக வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் பலர் அப்படிக் குனிந்து போய்க் கும்பிட்டு வந்தவர்கள்தான். அதே குகைக்குள் நான் சாமியையே ஏமாற்றப் பார்த்தேன். அதை மறைத்துவிட்டு என் வீட்டுக்கடன் அடைந்ததை மட்டும் சொன்னால் அது அரைச் சாட்சி. வெட்கத்தை விட்டு முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பழனியம்மாள். அதே மலையில் கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கூலி வேலை. எங்கள் சனம் பாட்டன் காலத்தில் கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்தது. நான் பிறந்தது, கல்யாணமாகிக் குடித்தனம் வைத்தது எல்லாமே எஸ்டேட் லைன் வீட்டில்தான். லைன் வீட்டில் வேலை இருக்கும் வரைதான் இருக்கலாம். வேலை நின்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். என் அப்பா இடுப்பு ஒடிந்து வேலைக்கு ஆகாமல் போனபோது நாங்கள் அப்படிக் கிளம்பினோம். எங்கள் அடுப்பு சூடு ஆறுவதற்கு முன்னே அடுத்த குடும்பம் வாசலில் நின்றது. அதைப் பார்த்தவளுக்குச் சொந்த வீடு என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் பிக்கப் வண்டி ஓட்டினார். இரண்டு பேரும் சேர்த்து மூன்று சென்ட் வாங்கி, இரண்டு அறை எழுப்பினோம். சேலத்தில் ஒரு கம்பெனியில் நான்கு லட்சம் வீட்டுக்கடன், பன்னிரண்டு வருடத் தவணை, பத்திரம் அவர்களிடம். கடனுக்கு இன்சூரன்ஸ் போடச் சொன்னார்கள். அந்தப் பணத்துக்கு ஜன்னல் கதவு போட்டுக்கொள்ளலாம் என்று வேண்டாமென்றது நான்தான். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினோம். மாசி மாதம் ஒரு காலையில், வண்டியை எடுக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. என் மகள் திவ்யாவுக்கு அப்போது ஏழு வயது.

தவணை மாதம் ஐயாயிரத்து எழுநூற்றைம்பது. என் கூலியில் அதைக் கட்டினால் உலையில் போட ஒன்றும் இருக்காது. மூன்று மாதம் நின்றுபோனது. ஆனி மாதத்தில் கம்பெனி ஆள் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டினார். "ஏனுங்கக்கா, என்னைக் கோவிச்சுக்காதீங்க. ஒட்டச் சொன்னாங்க, ஒட்டறேன்" என்றார். பாவம், அவர் முகத்தைப் பார்த்து எனக்குத் திட்டவும் வரவில்லை. பசை காயும் வரை நின்று பார்த்தேன். வீட்டுக்குள் போகவே கூச்சமாக இருந்தது.

என் வீட்டுக்காரரின் அண்ணன் அடிவாரத்தில் கடை வைத்திருந்தார். நான் மாமா என்று கூப்பிடுவேன். நோட்டீஸ் விஷயம் தெரிந்து மறுநாளே வந்தார்.

"அம்மிணி, நீ ஒத்தைப் பொம்பள. இது உன்னால ஆகற காரியமில்ல. ஊட்டை எம் பேருல எழுதிக் குடு, கடனை நான் அடைச்சுக்கறேன். நீயும் புள்ளையும் அங்கயே இருந்துக்குங்க. யாரு தொரத்தப் போறா?"

அவர் கெட்டவர் இல்லை. மனதாரச் சொன்னார். நானும் மனதுக்குள் சரி என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு அலுத்துப் போயிருந்தது. ஆனாலும் ஒரு பயம். திவ்யா வளர்ந்து நாளைக்கு, "அப்பா கட்டின ஊட்டை ஏம்மா எழுதிக் குடுத்தீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வேன்? சாமி சொன்னது, எழுதிக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? அதற்காகத்தான் பூக் கேட்கப் போனேன்.

பூக் கேட்பது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துச் சாமி காலடியில் வைப்போம். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். எங்கள் பக்கம் கல்யாணமே இதை வைத்து நின்றதுண்டு.

கோயிலுக்குக் கிளம்பும் முன் பொட்டலம் மடித்தது நான். சிவப்பு அரளியைக் கையில் எடுத்தேன். இது வந்துவிட்டால் இன்னும் பத்து வருடம் மாரடிக்க வேண்டும் என்று தோன்றியது. அரளியைக் கீழே போட்டேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்து மடித்தேன். யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். சாமிக்குத் தெரியும் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை. இதைவிட என் நிலைமையை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

குகைக்குள் பூசாரி, மாமா, நான், திவ்யா. பூசாரி பொட்டலங்களை வைத்துக் கற்பூரம் காட்டினார். "ஒண்ணை எடு சாமி" என்று திவ்யாவிடம் சொன்னார். எடுத்தாள். பிரித்தார். வெள்ளை. மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் குழந்தை, இன்னொரு பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடுமா? நாங்கள் கும்பிட்டு நிமிர்வதற்குள் அதையும் பிரித்துவிட்டாள்.

"அம்மா, இதுலயும் வெள்ளைதானுங்க இருக்குது."

 பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பூசாரி என்னைப் பார்த்து, "இப்படிக் கேக்கறதுக்கு வராமயே இருந்திருக்கலாமுங்களே" என்றார். மாமா வெளியே போய்விட்டார். திவ்யா ஏதோ தப்புச் செய்துவிட்டது போல என் முகத்தையே பார்த்தாள். தப்புச் செய்தது நான், பயந்தது அவள். அந்த முகம் என்னை அறுத்தது.

அங்கேயே மண்டியிட்டேன். அழுதேன். "ஐயா, இனி உன்கிட்டப் பூக் கேக்க மாட்டேன். கையெழுத்தும் போட மாட்டேன். பணங்கூடக் கேக்கல. எம் புள்ளை என்னைப் பார்த்து வெக்கப்படாத மாதிரி இந்த ஊட்டை மீட்க ஒரு தெம்பு குடு, வழி காட்டு" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

வெளியே வந்து மாமாவிடம், "எழுதித் தரலீங்க மாமா" என்றேன். அவருக்குக் கோபம். அன்றைக்கு எங்களைத் தனியாக விட்டுவிட்டு இறங்கிப் போனார். நானும் மகளும் பஸ் வரும் வரை காற்றில் நின்றோம். உடம்பு நடுங்கியது. ஆனால் மூன்று மாதத்தில் முதல் முறையாக மனது நடுங்கவில்லை. அதை நான் பதிலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரரின் பைக்கை விற்று இரண்டு தவணை கட்டினேன். எஸ்டேட்டில் கூலிக் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் அழுது அட்வான்ஸ் வாங்கி இன்னொன்று கட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காட்டில் ஒரு ஹோம்ஸ்டேயில் பாத்திரம் கழுவவும் சமைக்கவும் போனேன். அந்தக் காசோடு கூலியிலும் கொஞ்சம் சேர்த்தால் தவணைக்குச் சரியாகப் போனது. ஆனால் தவணை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் திவ்யா கல்யாண வயசுக்கு வரும் வரை கடன் இருக்கும். என் உடம்பு அதுவரை தாங்குமா? அப்பாவின் இடுப்பு ஞாபகத்துக்கு வந்தது. சீக்கிரம் அடைக்க வேண்டும்.

வழி கார்த்திகையில் தெரிந்தது. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு. அதற்கு மேல் பறிக்கிற கிலோவுக்குத் தனிக் காசு. முன்பெல்லாம் அந்தக் காசு வந்த வழி தெரியாமல் போகும். எனக்குக் கையில் காசு தங்காது, ஓட்டைக் கை. ஆனால் மஞ்சள் துணியில் முடிந்து வைத்த சாமி காசை மட்டும் எங்கள் வீட்டில் பட்டினி கிடந்தாலும் யாரும் தொட மாட்டோம். அதனால் மேல்கிலோக் காசு முழுவதும் சேர்வராயனுக்கு என்று முடிந்தேன். ஒவ்வொரு வருடமும் மே மாதத் திருவிழா முடிந்த மறுநாள் அவிழ்த்து, அப்படியே கொண்டுபோய்க் கடனில் கட்டுவது என்று வேண்டிக்கொண்டேன். அதை எடுத்துக் கடன் கட்டினால் சாமி கோபித்துக்கொள்வாரா என்று யோசித்தேன். இந்த வீட்டுக்காக அவ்வளவு மெனக்கெட்டவர் கோபிக்க மாட்டார் என்று தோன்றியது.

தொடாமல் இருப்பது லேசாக இல்லை. ஒரு தை மாதத்தில் திவ்யாவுக்குச் செருப்பு அறுந்து, கம்பியால் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். துணி முடிச்சு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அன்று நான் சாமியிடம் கோபமாகவே பேசினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஹோம்ஸ்டேயில் தங்கியிருந்த ஒரு குடும்பம், தங்கள் பெண்ணுக்குச் சின்னதாகிவிட்டது என்று ஒரு ஜோடி செருப்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது. அளவு சரியாக இருந்தது. நீங்கள் இதைத் தற்செயல் என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

முதல் வருடம் முடிச்சில் இருந்தது கொஞ்சம்தான். அடுத்த பங்குனியில், காப்பிச் செடியைப் பூக்க வைக்கிற பூ மழை தப்பாமல் பெய்தது. ஒன்பதாம் நாள் காலையில் வேலைக்குப் போனால் காடு முழுக்கக் காப்பிப் பூ. கொப்புக்குக் கொப்பு வெள்ளை. நான் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு பொட்டலத்தில் திருட்டுத்தனமாக நான் வைத்த வெள்ளையை, அவர் மலை முழுக்க வைத்திருந்தார். அந்தக் கார்த்திகையில் கொப்பு வளையக் காய்த்தது. நான் பறித்த கிலோவைப் பார்த்து ரைட்டரே, "அக்கா, தராசுல காலை வெச்சுக்கறீங்களா?" என்று கேலி செய்தார்.

இரண்டாம் வருடம் கட்டப் போனபோதுதான் இடி விழுந்தது. முந்தின வருடம் நான் கட்டிய பணத்தை அசலில் கழிக்கவில்லை. வரப்போகிற தவணைகளுக்கு முன்பணமாக வைத்திருந்தார்கள். எஸ்டேட்டில் ரைட்டரிடம் எவ்வளவு கொடுத்தாலும் பட்ட கடனில்தான் கழியும். இங்கும் அப்படித்தான் என்று நான் வாயே திறக்கவில்லை. கவுன்டரில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அசல்ல கழிக்கச் சொல்லி ஒவ்வொரு தடவையும் லெட்டர் குடுங்கக்கா. ரசீதுலயும் அப்படியே எழுதிக் கேளுங்க." எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. என்னோடு வந்திருந்த திவ்யா, நான்காம் வகுப்புக்குப் போகப் போகிறவள், அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். "அசலில் கழிக்கவும்" என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கீழே கோடும் போட்டாள். போன வருடத்துப் பணத்தையும் அன்றே அசலுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அதன் பிறகு எல்லா வருடமும் கடிதம் அவள் எழுத்துத்தான்.

இடையில் மாமாவுக்குத் தொழில் நொடித்தது. யாருக்கோ ஜாமீன் போட்டு, கடை, வீடு எல்லாம் ஏலத்துக்குப் போனது. என் வீடும் அவர் பெயரில் இருந்திருந்தால் சேர்ந்தே போயிருக்கும். ஒரு மத்தியானம் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். சாப்பாடு போட்டேன். கை கழுவும்போது, "அன்னிக்கு அந்தப் புள்ள பிரிச்சுப் பார்த்தது நல்லதாப் போச்சு அம்மிணி" என்றார். கை துடைக்கத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். கண் நிறைந்துவிட்டது.

பன்னிரண்டு வருடக் கடன் எட்டு வருடத்தில் அடைந்தது. இந்தப் பங்குனியில் முடிச்சை எண்ணிப் பார்த்தால் மீதிக் கடனுக்குப் போதுமானதாக இருந்தது. திருவிழா வரை காத்திருக்கவில்லை. கட்டினேன். சில நாள் கழித்துப் பத்திரத்தைக் கொடுத்தார்கள். பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடியும் வரை, அதை மடியிலேயே வைத்திருந்தேன். அதில் என் வீட்டுக்காரர் கையெழுத்து இருந்தது. விரலால் தடவித் தடவிப் பார்த்தேன்.

மறுநாள் குகைக்குக் கிளம்பினோம். ஏழாம் வகுப்பு படிக்கிற திவ்யா, வேலியோரம் எங்கள் சொந்தக் காப்பிச் செடியில் பூத்திருந்ததை ஒரு கைப்பிடி பறித்து வந்தாள். காய்ப்புப் போய்விடும் என்று காப்பிப் பூவை யாரும் பறிக்க மாட்டார்கள். நான் தடுக்கவில்லை. இரண்டு இலை எடுத்தாள்.

"எதுக்குக் கண்ணு? இனி என்ன கேக்கறது?"

"கேக்கறதுக்கு இல்லீங்கம்மா. சும்மா குடுக்கறதுக்கு. ரெண்டுலயும் வெள்ளையே வெக்கட்டுங்களா?"

வை என்று தலையை ஆட்டினேன். பத்திரத்தையும் இரண்டு பொட்டலத்தையும் சாமி காலடியில் வைத்தோம். பூசாரி அதே பூசாரிதான். பிரித்துப் பார்த்தார். இந்த முறை ஒரு பூவை எடுத்து என் மகள் தலையில் வைத்தார்.

தனியாகப் பிள்ளையை வளர்க்கிற, கடனோடு படுத்துக் கடனோடு எழுகிற என் போன்றவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் கும்பிடுகிற சாமியிடம் போய் நில்லுங்கள். வழி கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. ஆனால் கேட்கப் போகும்போது, சிவப்புப் பூவையும் மடித்து எடுத்துக்கொண்டு போங்கள்.